அடுப்பேறாத கேக்

டங். டங். டங்.

இந்தச் சத்தம்தானே? இதைக் கேட்டுத்தானே படியேறி வந்திருக்கீங்க? நீங்கள் கதவைத் தட்டிய தட்டிலேயே தெரிந்துவிட்டது. வாங்க தம்பி, உள்ளே வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், டப்பா அடுக்கியிருக்கிறது. இந்த முக்காலியில் உட்காருங்க. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்தானே? துறைமுகத்தில் ராத்திரி வேலை, பகலில்தான் தூங்குவார், மேலே சத்தம் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் இடிக்கவில்லை தம்பி. என் தங்கச்சி இடிக்கிறாள். பெனிட்டா. அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு இடிக்கிறாள், நான் சொன்னாலும் நிறுத்தமாட்டாள். கொஞ்ச நாளாக நான் சொல்வது எதுவும் அவள் காதில் ஏறுவதில்லை.

ஃபேன் போட முடியாது, பொடி பறக்கும். ஜன்னலையும் திறக்க முடியாது, ஈ வரும். வேர்க்கத்தான் செய்யும். பழகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து இப்படித்தான் இந்த இரண்டு அறைக்குள் வெந்துகொண்டிருக்கிறோம். நான் திராட்சையில் காம்பு கிள்ளிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

மிக்ஸி கிடையாதா என்று கேட்கப் போறீங்க. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மிக்ஸி இருக்கிறது. மிக்ஸியில் போட்டால் சூடேறி, கருப்பட்டி இளகி அடியில் அப்பிக்கொள்ளும். முந்திரியில் எண்ணெய் கக்கும். இரும்பு உரலில் இடித்தால்தான் பொடி பொடியாக இருக்கும். நாங்கள் செய்வது கேக் உருண்டை. சாப்பிட்டதில்லையா? கிறிஸ்மஸ் கேக் தெரியும்தானே, கறுப்பாக, பழம் போட்டு, கிராம்பும் பட்டையும் மணக்க? அதே கேக்தான். அடுப்பில் ஏற்றாமல், கையில் உருட்டினது.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. அவசரமாகத் தூங்கப் போகணுமா? கொஞ்சம் இருங்க.

எங்கள் அம்மாவின் கேக் இந்தத் தெருவில் பேர் போனது. பொங்கல், தீபாவளி மாதிரி இல்லை தம்பி எங்கள் கிறிஸ்மஸ். பண்டிகையன்று சமைத்தால் போதாது. அக்டோபரிலேயே பழத்தை ரம்மில் ஊறப்போட்டுவிட வேண்டும். குடிக்கிற வீடு என்று நினைத்துவிடாதீங்க, பழத்துக்குத்தான். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், சுக்கு, ஏலம், எல்லாம் அம்மா கைப்பொடி. மாவு கலக்குவது வீட்டில். ஆனால் சுடுவது பேக்கரியில். ரொட்டி சுட்டு முடித்த பிறகு அந்தச் செங்கல் அடுப்பில் சூடு மிஞ்சியிருக்குமே, அதில் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுத் தட்டையும் வாங்கி உள்ளே தள்ளுவார்கள். பெண்கள் எல்லோரும் தலையில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். எவள் கேக் பொங்கியது, எவள் கேக் அமுங்கியது என்று அங்கேயே தெரிந்துவிடும். அமுங்கினவளை அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் விடமாட்டார்கள்.

அந்த வருஷம் மழை. டிசம்பரில் அப்படி ஒரு மழை. கண்மாய் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது இந்த மாடி இல்லை, தரை வீட்டில் இருந்தோம். பேக்கரிக்குள் இடுப்பளவு. செங்கல் அடுப்பு ஊறிப்போய் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டர் தெருவில் மிதந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டில் இருந்தது ஊறின பழமும், அம்மாவின் மசாலாப் பொடியும், ஒரு கிலோ வெண்ணெயும், கொஞ்சம் கருப்பட்டியும் பேரீச்சம்பழமும், ரெண்டு தேங்காயும், நிவாரணத்தில் வந்த ரஸ்க் பாக்கெட்டும்தான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுகிறாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கு அழவில்லை. இந்த வருஷம் கேக் இல்லை என்று அழுகிறாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெனிட்டா வந்து, "அக்கா, ரஸ்க்க இடிச்சு, கருப்பட்டியும் பேரீச்சம்பழமும் சேத்துப் பிசஞ்சு உருட்டிப் பாப்பமா?" என்றாள். நான் சரி என்றேன். நான் சரி என்று சொல்லியிருக்காவிட்டால் நடந்திருக்குமா? அவள் இடித்தாள், பிசைந்தாள், உருட்டினாள். தேங்காய்த் துருவலில் புரட்டி எடுத்தாள். அம்மா ஒன்றை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றாள். பிறகு, "கேக்குதான். என்ன, அடுப்பேறல" என்றாள். அவ்வளவுதான். அந்தத் தெருவில் அந்தக் கிறிஸ்மஸுக்கு இனிப்பு என்று இருந்தது எங்கள் வீட்டு உருண்டை மட்டும்தான். மாடியில் ஒதுங்கியிருந்த வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பக்கத்து வீட்டு லில்லி மதினி, "இமெல்டா, இத வித்தா என்ன?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

சனியன்தான் தம்பி. சிரிக்காதீங்க. மாட்டிக்கொண்டேன். பேக்கரி அடுப்பை மறுபடி கட்டிவிட்டார்கள், ஆனால் ஆட்கள் உருண்டையை விடவில்லை. கிறிஸ்மஸுக்கு மட்டும் கேட்டவர்கள் ஈஸ்டருக்குக் கேட்டார்கள். பிறகு பெயரிடுகிற விசேஷத்துக்கு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு, வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு. நான் வேளாங்கண்ணிக்குப் போய் எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? போக விடமாட்டார்கள். ஆர்டர், ஆர்டர். என் வீட்டுக்காரர் செத்து பதினாறு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. ஒரு பறவை மாதிரி இருந்திருக்க வேண்டியவள் நான். ஆர்டர் எடுப்பதும், டப்பா வாங்குவதும், காம்பு கிள்ளுவதுமாக என் ஆயுசு போகிறது. பெனிட்டாவுக்கு என்ன, அவள் உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை. வெளியே அலைச்சல் கிடையாது. யார் முகத்திலும் முழிக்க வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். நான் உருட்ட முடியாது. என் கை சூடு. உருட்டினால் வெண்ணெய் இளகி, கையில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, உருண்டை தட்டையாகிவிடும். பெனிட்டா கை பிறவியிலேயே குளிர்ச்சி. தொட்டால் பச்சைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். கடவுள் கொடுத்த கை. உருட்ட உட்காரும்போது பக்கத்தில் ஒரு சட்டியில் ஐஸ் தண்ணீர் வைத்துக்கொள்வாள், நாலு உருண்டைக்கு ஒரு தரம் கையை முக்குவாள். அது சுத்தத்துக்கு. சுத்தம் அதிகம் அவளுக்கு. கொஞ்ச நாளாக விரல் மடங்க மாட்டேன் என்கிறது என்கிறாள், டாக்டர் ஏதோ வாதம் என்றார். எங்கள் வம்சத்தில் எல்லோருக்கும் வாதம் உண்டு.

கேட்கிறதா? என்ன வேகமாக இடிக்கிறாள் பாருங்க. நிறுத்தாமல்.

தொபியாஸ் வந்தது போன வருஷம் நவம்பரில். மணப்பாட்டு ஆள். பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள், பிள்ளை இல்லை. கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. ஒன்பது மாசம் கடல், மூன்று மாசம் வீடு. அவன் அக்கா இந்தத் தெருக் கோடியில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்தவன், உருண்டை வேண்டும் என்று ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் இன்னொரு டப்பா. அதற்கு மறுநாளும் வந்து நிற்கிறான்.

"என்ன தம்பி, மூணு நாள்ல மூணு டப்பாவா? வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டேன்.

"கப்பல்ல ஃபிரெண்ட்ஸுக்குக்கா" என்றான்.

"கப்பல் எப்ப?"

"கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோடக்கா."

"அதுவரைக்கும் கெட்டுப் போகாதா?"

"கெட்டுப்போனா மறுபடி வந்து வாங்குறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறான். உள்ளேயிருந்து இவளும் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நாற்பது நெருங்குகிறது தம்பி அவளுக்கு. நாற்பதில் என்ன சிரிப்பு?

இன்னொரு நாள் டப்பாவை வாங்கும்போது அவள் கையைப் பார்த்துவிட்டான். "என்ன பெனிட்டா, கை ஐஸ் பெட்டில கிடந்த மீன் மாதிரி வெளுத்து, சுருங்கிக் கிடக்கு?" என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆம்பளை, அடுத்த வீட்டுப் பெண்ணின் கையைப் பற்றிப் பேசலாமா? மீனாம். இத்தனை வருஷம் கூட இருக்கிற நான் பார்க்காத என்னத்தை அவன் பார்த்துவிட்டான்?

பிறகு அவன் அக்கா வெற்றிலை பாக்கோடு வந்தாள். பெண் கேட்டு. நான் முடியாது என்று சொல்லவில்லை. சொல்வேனா? கூடப் பிறந்தவள் நல்லா இருக்கவேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் எங்கள் அம்மா அதற்கு முந்தின வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில்தான் இறந்திருந்தாள். வருஷம் திரும்ப இன்னும் ரெண்டு மூணு வாரம் இருந்தது. வீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பாமல் எப்படி மேளம் கொட்ட முடியும்? "அம்மா வருஷம் திரும்பட்டும்" என்றேன். நியாயம்தானே? அவன் அக்காகூடத் தலையை ஆட்டினாள்.

நீங்கள் எங்கள் ஆள் இல்லையே, சொன்னால்தான் புரியும். எங்களுக்குக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம் திருவருகைக் காலம். ஆண்டவர் வரப்போகிறார் என்று ஒடுக்கமாக இருக்கிற காலம். அந்த நாலு வாரமும் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அம்மா வருஷம் திரும்பினபோது திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. சரி, கிறிஸ்மஸ் முடிந்ததும் வைப்போம் என்றால் அவனுக்குக் கப்பல். போய்விட்டான். நான் என்ன செய்ய? நானா காலண்டர் அச்சடித்தேன்?

பெனிட்டா உரல் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் உருட்டிய உருண்டை மாதிரி நான் பார்த்ததே இல்லை. கோலிக்குண்டு மாதிரி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. பாருங்க, மனசில் ஒன்றும் இல்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவன் போன் செய்வான் போல. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் ஒரு மணி நேரம் வரமாட்டாள். ஒரு பாவாடையைக் காயப்போட ஒரு மணி நேரமா? நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

இந்த வருஷம் நவம்பர் வந்தது. அவனும் வந்துவிட்டான். தெருவில் பார்த்தேன், "என்னக்கா, நல்லா இருக்கியளா?" என்று கேட்டான். உருண்டை வாங்க வரவில்லை. நல்லவேளை, பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை. கேளுங்க. எங்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு கோயிலில் பேர் வாசிப்பார்கள். ஓலை வாசிக்கிறது என்று சொல்வோம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. பூசை முடிகிற நேரம். நான் பாதி எழுந்துவிட்டேன், வீட்டில் திராட்சை வெயிலில் காய்கிறதே என்று. சாமியார் வாசிக்கிறார். "மணப்பாடு பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற மிக்கேல் மகன் தொபியாஸுக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சவரியான் மகள் பெனிட்டாவுக்கும்..." எனக்கு முதலில் யாரோ என்றுதான் இருந்தது. எங்கள் அப்பா பேர் சவரியான் என்பதே ஒரு நிமிஷம் ஞாபகம் வரவில்லை.

அவள் எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு அசைவு இல்லை. முன் பெஞ்சிலிருந்து லில்லி மதினி முழுசாகத் திரும்பி, "என்ன இமெல்டா, இவ்வளவு கமுக்கமா வச்சிட்டியே, கெட்டிக்காரிதான் நீ!" என்கிறாள். நான் என்ன செய்ய? சிரித்தேன். எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். சிரித்துக்கொண்டே நிற்கிறேன். பல் வலித்துவிட்டது தம்பி எனக்கு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"யோசிப்போம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள். என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கத்தினாளா, அழுதாளா, ஒன்றும் இல்லை. சாமியார் பங்களாவுக்கு அவளே போய், அவளே பேசி, அவளே நாள் குறித்து வந்திருக்கிறாள். தேங்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன நாளாக இருக்கும். அன்றைக்குத் தேங்காய் வாங்காமல் வந்தாள், விலை கூட என்றாள்.

மூன்றாவது ஓலை நாளைக்கு. நாளைக்குக் கிறிஸ்து அரசர் பெருநாள். கல்யாணம் புதன்கிழமை. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும், கதவு அடைத்துவிடும். புதன்கிழமை விட்டால் கிறிஸ்மஸ் வரை இல்லை. கிறிஸ்மஸ் முடிந்தால் அவனுக்குக் கப்பல்.

இதற்கு நடுவில்தான் அந்த ஆர்டர் வந்தது. வந்தது என்றால், நான் தேடிப் போகவில்லை. சும்மா அந்தப் பக்கம் போனேன். உப்புக் கம்பெனி வாசலில் மேனேஜர் நின்றார். கையில் ஒரு டப்பா இருந்தது, கொடுத்தேன். சும்மா போகிறவள் கையில் டப்பா இருக்கக்கூடாதா? அவர் தின்றுபார்த்துவிட்டு, எங்கள் ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் ஒரு டப்பா கொடுக்கிறோம், இதையே கொடுத்தால் என்ன என்றார். எத்தனை பேர் என்றேன். அவர் சொன்ன கணக்கைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. ஒரு கிறிஸ்மஸ் முழுக்கச் செய்வதைப் போல ரெண்டு மடங்கு. என்றைக்கு வேண்டும் என்றேன். அவர், டிசம்பர் முதல் வாரமானாலும் சரிதான் என்று இழுத்தார். அவருக்கு எதற்கு அலைச்சல், வியாழக்கிழமையே கொடுத்துவிடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வந்து அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"என்னைக்கு வேணும்?" என்றாள்.

"வியாழக்கெழம."

"கல்யாணம் புதன்கெழம."

"அதான் பாரேன், இப்படி வந்து மாட்டிக்கிட்டு. வாக்குக் குடுத்தாச்சு. நீ இல்லாம நான் என்னத்த உருட்ட? சாமியார்ட்ட சொல்லி..."

"வேண்டாம். செஞ்சிரலாம்" என்றாள்.

அப்போது உரலைத் தூக்கினவள்தான். இதோ, இன்றைக்கு வரைக்கும். விடியுமுன்னே தொடங்குகிறாள். சோற்றை நின்றுகொண்டே தின்கிறாள். ஒருநாள் சாயங்காலம் தொபியாஸ் வந்து வாசலில் நின்று, "நானும் இடிக்கட்டா?" என்று கேட்டான். "நீங்க இடிச்சா உரல் உடஞ்சிரும், போய்ட்டு புதன்கெழம வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதில் ஒரு சிரிப்பு வேறு. பிறகு மறுபடி டங் டங் டங்.

நான் சொல்கிறேன் கேளுங்க தம்பி, அவளுக்குப் போக மனசில்லை. போகிறவள் இப்படி வேலை செய்வாளா? போகிறவள் புடவை எடுப்பாள், முகத்துக்கு மஞ்சள் பூசுவாள், அங்கே இங்கே சொல்லிக்கொள்ளப் போவாள். இவள் உரலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். இந்த வீட்டு வேலை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து, "அக்கா, வேல முடியல, கல்யாணத்தத் தள்ளி வச்சிரலாம்" என்று அவளே சொல்வாள் பாருங்க. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் இஷ்டம் என்பேன்.

நாளைக்கு மூன்றாவது ஓலை வாசிக்கும்போது, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார் இல்லையா. எழுந்து நிற்கலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சும்மா நினைத்தேன், செய்யமாட்டேன். எழுந்து நின்றால், என்ன தடை இமெல்டா என்று கேட்பார். என்னவென்று சொல்ல? நான் ஒருத்தி இருக்கேனே சாமி, அதுதான் தடை என்றா சொல்ல முடியும்?

அவனும் ஒன்பது மாசம் கடலில் இருக்கப்போகிறான். அந்த ஒன்பது மாசம் இவள் மணப்பாட்டில் யாரோடு இருப்பாள்? அந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது. கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். தனியாக ஒரு வீட்டுக்குள் இருப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் செத்த புதிதில் நான் ஒரு மாசம் அப்படி இருந்தேன். பல் விளக்கும்போதுகூட நான் எனக்கே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மாதான் பெனிட்டாவை அனுப்பினாள், போய் அக்கா கூட ஒரு மாசம் இரு என்று. ஒரு மாசத்துக்கு வந்தவள்தான். பிறகு அம்மாவும் எங்களோடேயே வந்துவிட்டாள்.

சத்தம் நின்றுவிட்டது, கேட்டீங்களா? டீத்தண்ணி போடுவாள். உங்களுக்கும் ஒரு வாய் தரச் சொல்கிறேன். ஏட்டி பெனி! கீழ் வீட்டுத் தம்பி வந்திருக்கு!

இதோ வந்துவிட்டாள். பாருங்க, தலையெல்லாம் பொடி. இவள்தான் தம்பி என் தங்கச்சி.

"அண்ணே, தூக்கத்தக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கிடுங்க" என்கிறாள் பாருங்க உங்களிடம். எப்போதும் மரியாதைதான்.

என்னட்டி சொல்லுத? "இனி சத்தம் வராதுண்ணே. முடிஞ்சிட்டு."

என்ன முடிஞ்சிட்டு? இன்றைக்கு இடிக்க வேண்டியதா?

எல்லாமுமா?

இருங்க தம்பி, ஒரு நிமிஷம். எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உள்ளே அலமாரியில், அடுப்பு மேடைக்கு அடியில், ஃபிரிட்ஜில், எங்கே பார்த்தாலும் டப்பா. மூடி போட்டு, ரிப்பன் கட்டி. உரலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நான் கொடுத்த கணக்குக்கு ஒரு உருண்டைகூடக் குறையாதாம். எப்போது உருட்டினாள் இவ்வளவும்? நான் வெளியே டப்பா வாங்க அலைந்தபோதா? இந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள், எனக்குத் தெரியவில்லை தம்பி.

வியாழக்கெழம கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேணுமேட்டி?

"அவரு வண்டி சொல்லியிருக்காரு. செவ்வாக்கெழம காலையிலயே போயிரும். மேனேஜர்ட்டயும் கேட்டுட்டேன், முந்தியே வந்தா நல்லதுதான்னு சொன்னாரு."

கிறிஸ்மஸுக்கு என்ன செய்ய? தெரு முழுக்கக் கேட்குமே?

"மசாலாவும் ரஸ்க்கும் இடிச்சு டின்ல போட்டு வச்சிருக்கேன்க்கா. பழத்தச் சேத்துப் பிசஞ்சு உருட்டுறதுதான் பாக்கி. லில்லி மதினி மக வாறேன்னு சொல்லியிருக்கா. அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

கேட்டீங்களா தம்பி? லில்லி மதினி மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாளாம். அதுவும் எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் எனக்கு என்னதான் தெரியும்?

நிற்கிறாள் பாருங்க, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. என்னட்டி?

"அக்கா, புதன்கெழம நீ வருவேல்லா?"

என்ன கேள்வி இது. கீழ் வீட்டுத் தம்பியை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா? எனக்கு இங்க வேல எவ்வளவு கெடக்கு, ஊறின பழமெல்லாம் இந்த ஆர்டருக்கே போயிட்டு, புதுசா ஊறப்போடணும்.

"காலப் பூசதான்க்கா. ஒரு மணி நேரம். அம்மா இடத்துல நீதான நிக்கணும்."

...

தலையைச் சீவிக்கொண்டு போய்விட்டாள். தையல் கடைக்காம், ரவிக்கை வாங்க. கேட்டுவிட்டு என் பதிலுக்காக நின்றாள்தான். நான்தான் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது சொல்லலாம். இல்லை, நாளைக்குச் சொல்லலாம். எந்தப் புடவை கட்டுவது என்று வேறு பார்க்கவேண்டும். நல்ல புடவை ஒன்று அம்மாவுடையது இருந்தது, பூச்சி அரித்திருக்குமோ என்னவோ.

எழுந்துட்டீங்களா? போங்க தம்பி, போய்த் தூங்குங்க. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது உங்களுக்கு. இனி ஒன்றும் கேட்காது. காம்பு கிள்ளுகிற வேலைக்குச் சத்தமே கிடையாது. இந்தத் தட்டை மட்டும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவிட்டுப் போங்க. பாதிகூட ஆகவில்லை.